பிடித்த பேண்ட் மீதான விசுவாசம் காதைத் தீட்டுமா, மழுக்குமா?

சுதிப்பெட்டி:

பிடித்த பேண்ட் ஒரு புது ஆல்பம் விட்டால் போதும், அன்றைக்கு ராத்திரியே ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு அணிக்கு அது உலக சாதனை. இன்னொரு அணிக்கு "பழைய ஆட்கள் இவர்கள் இல்லை." இரண்டு அணியும் கேட்பது பேண்டின் பெயரையும் தங்கள் ஞாபகத்தையும்தான் என்பது என் கட்சி. இசை காதில் விழுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

1968இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் அர்த்தமில்லாத சொற்களையும், படிக்கத் தெரியாத எழுத்து வடிவங்களையும் மனிதர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அதிகமுறை பார்த்தவை அதிகம் பிடித்துப்போயின. காரணம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, பழக்கமே போதுமாக இருந்தது. ஒரே பேண்டின் பாட்டை 200 தடவை கேட்டவருக்கு அந்தப் பாட்டு பிடிக்காமல் எப்படி இருக்கும்? இதோடு பதின்வயதுக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15, 16 வயதில் கேட்ட பாட்டுகள் ஆயுள் முழுக்க மனதில் அழுத்தமாக நிற்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். 40 வயதில் வருகிற ஆல்பம் அந்த இடத்தோடு போட்டி போட முடியாது. அதில் பேண்டின் குற்றம் எதுவும் இல்லை.

என் யோசனை இதுதான். பெயரை மறைத்துக் கேளுங்கள். வேறொருவர் 12 பாட்டுத் துண்டுகளை எடுக்கட்டும்: உங்கள் பேண்டின் நீங்கள் கேட்டிராத 6, அதே பாணியில் மற்றவர்களின் 6. ஒவ்வொன்றும் 60 வினாடி. சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும், இல்லையென்றால் சற்று உரக்க ஒலிப்பதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். 1 டெசிபெல் வித்தியாசம்கூட "சத்தம் கூட" என்று தோன்றாமல் "தெளிவு கூட" என்று தோன்றி ஏமாற்றும். மதிப்பெண்ணை எழுதிவைத்த பிறகு பெயரைத் திறவுங்கள்.

மூன்றாம்தந்தி:

ஐயா, உங்கள் சோதனையில் ஒரு ஓட்டை. பாடகர் வாயைத் திறந்த அரை வினாடியில் குரல் தெரிந்துவிடும். பெயரை மறைக்கலாம், குரலை எப்படி மறைப்பீர்கள்? குரலை நீக்கிவிட்டுக் கேட்கச் சொன்னால், சாம்பாரில் பருப்பை எடுத்துவிட்டு ருசி பார்க்கச் சொல்வது மாதிரி.

பழக்கம்தான் காரணம் என்கிறீர்கள். பழக்கம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது கெட்டது என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? 2001இல் பிளட், ஸடோரே என்ற இரு ஆய்வாளர்கள் இசை கேட்டுச் சிலிர்ப்பு வரும்போது மூளையில் நடப்பதைப் படம் பிடித்தார்கள். பங்கேற்றவர்கள் தங்களுக்குச் சிலிர்ப்புத் தரும் இசையைத் தாங்களே கொண்டுவந்தார்கள். ஒருவர் கொண்டுவந்த இசையே இன்னொருவருக்கு ஒப்பீட்டு இசையாகப் போடப்பட்டது. இவருக்கு மயிர்க்கூச்செறிய வைத்தது அவருக்கு வெறும் இசையாக இருந்தது.

2011இல் சலிம்பூர் குழு இன்னும் ஒரு படி போனது. உச்சம் வருவதற்கு முன்பே, எதிர்பார்க்கும் நேரத்திலேயே, மூளையின் காடேட் என்ற பகுதியில் டோபமைன் என்ற இன்ப ரசாயனம் சுரந்தது. உச்சத்தில் அக்கும்பென்ஸ் பகுதியில் சுரந்தது. என்ன வரப்போகிறது என்று தெரிந்தவருக்குத்தான் எதிர்பார்ப்பு இருக்கும். ஒரு பேண்டோடு பத்து வருடம் இருந்தவருக்கு அந்த எதிர்பார்ப்பு தனிப் பாட்டுக்குள் அடங்குவதில்லை. "இவர்கள் இந்த இடத்தில் வழக்கமாக டிரம்ஸை நிறுத்துவார்கள்" என்று தெரியும். நிறுத்தாமல் போனால் அது ஒரு செய்தி. புதிதாகக் கேட்பவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது.

சுதிப்பெட்டி:

நீங்கள் எடுத்துவைத்த ஆய்வு எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. ஒரே ஒலி. ஒருவருக்குச் சிலிர்ப்பு, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் சிலிர்ப்பு ஒலிக்குள் இல்லை, கேட்பவருக்குள் இருக்கிறது. "எனக்குச் சிலிர்த்தது, ஆகவே இது நல்ல ஆல்பம்" என்று யாரும் வாதாட முடியாது. நான் கேட்பது அதைத்தான்.

மூன்றாம்தந்தி:

முழுக்கக் கேட்பவருக்குள் இருந்தால் பாட்டின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் சிலிர்க்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. 1991இல் ஜான் ஸ்லோபோடா என்ற இசை உளவியலாளர் கேட்பவர்களிடம் "சரியாக எந்த இடத்தில்?" என்று கேட்டார். அவர்கள் காட்டிய இடங்களை இசைக்குறிப்பில் வைத்துப் பார்த்தார். கண்ணீர் வந்த இடங்களில் சேராத சுரம் ஒன்று வந்து நின்று, பிறகு சேரும் அமைப்பு அதிகம். உடல் சிலிர்த்த இடங்களில் எதிர்பாராத இசைவு மாற்றம் அதிகம்.

கையில் கீபோர்டு இருப்பவர்கள் இப்போதே செய்து பாருங்கள். இடது கையில் ஸ, க, ப மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள் (காந்தாரம் அந்தர காந்தாரம்). பிடித்தபடியே வலது கையில், ஒரு ஸ்தாயி மேலே, சுத்த மத்யமத்தை அழுத்தமான தட்டில் அடியுங்கள். கீழே இருக்கிற காந்தாரத்தோடு அது உரசும். உடனே விடாதீர்கள். ஒரு முழுத் தட்டு அந்த உரசலிலேயே இருங்கள். அடுத்த தட்டில், முன்னதைவிட மெதுவாக, மேல் காந்தாரத்துக்கு இறங்குங்கள். நெஞ்சில் ஏதோ தளர்வது தெரியும். இப்போது அதையே தலைகீழாகச் செய்யுங்கள்: உரசலை மெதுவாக, அழுத்தமில்லாத தட்டில் வைத்து, சேர்வதை அழுத்தி அடியுங்கள். ஒன்றும் ஆகாது. சுரம் அதேதான், தாளத்தில் உட்கார்ந்த இடம் மாறியது, உணர்ச்சி போய்விட்டது.

இது ஒலியில் இருக்கிற பொருள். கேட்பவரின் பழக்கம் இதற்குத் திரி கொளுத்துகிறது, அவ்வளவே. வெடிமருந்து ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

கலவைமேசை:

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். புது ஆல்பம் மனதைத் தொடவில்லை என்று ரசிகர் சொன்னால் நான் முதலில் பார்ப்பது மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் பாட்டின் ஒலிக்குச் செய்யும் கடைசிச் சீரமைப்பு. பாட்டு நல்ல பாட்டாகவே இருக்கும், கொன்றது லிமிட்டராக (சத்தத்தின் உச்சியை ஒரு வரம்புக்குள் அடக்கும் கருவி) இருக்கும்.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு பாட்டின் சரணம் மைனஸ் 18 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க உரக்கும்), கோரஸ் மைனஸ் 12 என்று வையுங்கள். 6 டெசிபெல் ஏற்றம். கோரஸ் வரும்போது உடம்பே முன்னால் சாய்கிற மாதிரி இருக்கும். இதை உரக்க ஒலிக்கவைக்க வேண்டும் என்று லிமிட்டரில் அழுத்தினால் சரணம் மைனஸ் 10, கோரஸ் மைனஸ் 8 என்று வந்து நிற்கும். 6 இருந்த இடத்தில் 2. திடீரென்று சத்தம் கூடுவதும் புதிய குரலோ வாத்தியமோ நுழைவதும் சிலிர்ப்பைத் தூண்டுகிற முக்கியமான இடங்கள். அந்த இடத்தையே தட்டையாக்கிவிட்டு ரசிகரின் காதைக் குறை சொன்னால் எப்படி?

ஸ்ட்ரீமிங் தளங்கள் சத்தத்தைச் சமப்படுத்துகின்றனவே என்று கேட்பீர்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14க்குக் கொண்டுவருகிறது. அது முழுப் பாட்டையும் ஒரேயளவு கீழே இறக்குவதுதான். நசுங்கிய 2 டெசிபெல் வித்தியாசம் 2 ஆகவேதான் இருக்கும். போனது திரும்பாது.

மெட்டாலிகாவின் 2008 ஆல்பமான டெத் மேக்னடிக் இதற்குப் பேர்போன உதாரணம். குறுந்தட்டில் சத்தம் நசுங்கி, உச்சங்களில் கிளிப் ஆகி, அதாவது அலையின் முனை வெட்டுப்பட்டு, கரகரத்தது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டுக்குப் போனபோது அவ்வளவு அழுத்தாத கலவையாகப் போயின. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டு, அலைவடிவத்தைப் படமாகப் போட்டு, மறுபடியும் மாஸ்டர் செய்யச் சொல்லி மனு எழுதினார்கள். சுதிப்பெட்டி கவனிக்கவும்: கண்டுபிடித்தது விசுவாசிகள்.

வீட்டிலேயே பார்க்கலாம். இலவச ஒலித் திருத்த மென்பொருள் ஏதாவது ஒன்றில் பாட்டைத் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். சரணமும் கோரஸும் ஒரே உயரத்தில், செங்கல் மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு பெரிதாக்கி உச்சிகளைப் பாருங்கள். முனை முனையாக இல்லாமல் கத்தியால் சீவிய மாதிரி தட்டையாக இருந்தால் கிளிப் ஆகியிருக்கிறது. நஷ்டமுள்ள எம்பி3 கோப்பில் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். சுருக்கி விரிக்கும்போது உச்சிகள் இடம் மாறும், தட்டையான முனை மறைந்துபோகும். குறுந்தட்டிலிருந்தோ நஷ்டமில்லாத கோப்பிலிருந்தோ எடுங்கள்.

மெல்லக்கேள்:

வினைலில் வாங்கினால் இந்த நசுக்கல் இருக்காதா?

கலவைமேசை:

தனியாக மாஸ்டர் செய்திருந்தால் இருக்காது. அதே நசுங்கிய கோப்பிலிருந்து வெட்டியிருந்தால் வினைலிலும் அதே நசுக்கல்தான். வினைலை எண்முறைக்கு மாற்றி அளந்துவிட்டு "வித்தியாசம் கூடக் காட்டுகிறது" என்று சிலர் எழுதுவார்கள். ஊசியும் வடிகட்டிகளும் அலையின் கட்டத்தை (அதிர்வுகள் ஒன்றோடொன்று சேரும் நேரத்தை) மாற்றுவதால் உச்சி உயர்ந்து எண் கூடுகிறது. காதுக்கு அது கூடுதல் அசைவு இல்லை.

இடதுகைத்தாளம்:

மாஸ்டரிங்கோட நிக்காதீங்க, டிரம்ஸ் பக்கம் வாங்க. பழைய ரெக்கார்டுல பேண்டு மொத்தமும் ஒரே அறையில உக்காந்து வாசிச்சிருப்பாங்க. சரணம் நிமிஷத்துக்கு 118 தட்டுல போகும், கோரஸ்ல தானா 121க்கு ஏறும், திரும்ப இறங்கும். ஸ்னேர் டிரம்மை 15, 20 மில்லிவினாடி தள்ளி அடிக்கிற ஆளு இருப்பாரு, அதுதான் அந்த பேண்டோட நடையே. புது ஆல்பத்துல கிளிக் (காதுல கேக்குற எந்திரத் தட்டு) போட்டு வாசிச்சு, அதுக்கு மேல கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு அடியையும் தட்டுக்கு நேரா நிறுத்திடுவாங்க. 20 மில்லிவினாடி பூஜ்யம் ஆயிடும். ரசிகருக்கு "என்னமோ இல்ல" அப்படின்னு தோணும், என்னன்னு சொல்லத் தெரியாது. அந்த "என்னமோ" வெறும் ஞாபகம் இல்லீங்க. அளக்கக்கூடிய விஷயம்.

நேரடி நிகழ்ச்சியில நேர் எதிர். மேடை ஏறுனா ரத்தம் சூடாகி 120 பாட்டை 126ல ஆரம்பிச்சுருவாங்க. ஒரு தட்டுக்கு 24 மில்லிவினாடி குறையுது. கேக்க சின்னதா இருக்கும். பாடுறவருக்கு மூச்சு எடுக்கிற இடம் ஒவ்வொண்ணுலயும் அது வெட்டு விழுது, மூணாவது வரியில சுதி தொங்க ஆரம்பிக்கும். ரசிகர் "குரல் போச்சு"ன்னு எழுதுவாரு. குரல் போகல, தாளம் ஓடுது.

மூன்றாம்தந்தி:

இடதுகை அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. வயது கூடக் கூடப் பாடகருக்காகச் சுதியைக் குறைப்பார்கள். அரைச் சுதி, சில நேரம் ஒரு முழுச் சுதி. கிட்டாரில் எல்லாத் தந்திகளையும் இறக்கினால் தந்தி தளரும், அழுத்தும்போது சுதி மேலே விலகும். அதனால் ஒரு அளவு தடித்த தந்தி போட்டு, பாலத்தில் (தந்தி உட்காரும் கட்டை) தந்தியின் நீளத்தையும் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் இறக்கினால் கிட்டாரும் பேஸும் லேசாக விலகி மொத்த மேடையும் கலங்கலாகக் கேட்கும். தந்தியை இறக்காமல் விரலை மாற்றி வேறு சுதியில் வாசிப்பவர்களும் உண்டு. அப்போது திறந்த தந்தியின் ரீங்காரம் காணாமல் போகும். சில பாட்டுகளுக்கு உயிரே அந்த ரீங்காரம்தான்.

ஒரு விசுவாச ரசிகர் இதையெல்லாம் கேட்கிறார். பெயர் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், காதில் விழுகிறது.

சுதிப்பெட்டி:

காதில் விழுகிறது, சரி. விழுந்ததை எப்படி எடைபோடுகிறார் என்பதுதான் என் கேள்வி. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற காது வேறு, தரம் சொல்கிற காது வேறு. முதலாவதை விசுவாசம் வளர்க்கும் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவதை அது கெடுக்கும் என்பதில் நான் நகரவில்லை.

1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடகர் பாப் டிலன் மின்கிட்டாரோடு மேடை ஏறினார். 1966 மே 17 அன்று மான்செஸ்டரில் ரசிகர் ஒருவர் "யூதாஸ்" என்று கத்தியது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. கத்தியவர் வழிப்போக்கர் இல்லை, நாட்டுப்புறப் பாட்டுக்காரராக டிலனை நேசித்தவர். முதல் பாதி தனிக் கிட்டாரோடு நடந்தபோது அமைதியாக இருந்த அரங்கம் அது. இரண்டாம் பாதியில் பேண்ட் வந்ததும் கொதித்தது. அந்த இரண்டாம் பாதி இன்று ராக் இசையின் உச்சங்களில் ஒன்றாகக் கேட்கப்படுகிறது. அன்று அதை மிக மோசமாகக் கேட்டவர்கள் மிக விசுவாசமானவர்கள்தான்.

நாடாச்சுருள்:

அந்த மான்செஸ்டர் பதிவு 1998இல் அதிகாரபூர்வமாக வெளிவரும் வரை இத்தனை வருடம் கைமாறிக் கைமாறிக் காப்பாற்றியதும் விசுவாசிகள்தான். லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் நிகழ்ச்சி என்று தவறான பெயரோடு சுற்றியது, ஆனாலும் சுற்றியது. கோபப்பட்டவர்களை மட்டும் கணக்கில் எடுப்பது நியாயமாகாது.

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க பேண்டின் ரசிகர்களைப் பாருங்கள். 1984இல் அந்த பேண்ட் ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. நாடாவைப் பிரதி எடுக்கலாம், பண்டமாற்று செய்யலாம், விற்கக்கூடாது. ஒரே பாட்டை நூற்றுக்கணக்கான இரவுகளில் ஒப்பிட்டுக் கேட்ட கூட்டம் அது. எல்லா இரவும் அருமை என்று அவர்கள் சொல்லவே இல்லை. இந்த இரவு மந்தம், அந்த இரவில் மூன்றாவது பாட்டில் தாளம் விட்டுப்போனது என்று தேதிவாரியாகக் குறித்தார்கள். 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழக நிகழ்ச்சியைத் தனித்து எடுத்துக் கொண்டாடியது அந்தக் காதுகள். பின்னால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அது சேர்ந்தது. தரம் சொல்கிற காது இது இல்லையா?

நாடா மாற்றிக்கொள்பவர்களுக்கு வருகிற பயிற்சியைச் சொல்கிறேன். ஒரே தரமுள்ள கருவிகளில் பிரதி எடுத்தால் இரண்டாம் தலைமுறையில் (அசலின் முதல் பிரதியில்) இரைச்சல் 3 டெசிபெல் கூடும், நான்காம் தலைமுறையில் 6. உயர் அதிர்வுகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உதிரும். சிம்பல் சத்தம் முதலில் மணலாகும், பிறகு பஞ்சாகும். கருவியின் வேகம் 6 சதவீதம் தப்பினால் பாட்டு அரைச்சுதி விலகிவிடும். 3 சதவீதம் தப்பினால் கால் சுதி. அதை எந்தக் கட்டையிலும் வைத்து வாசிக்க முடியாது. டால்பி இரைச்சல் குறைப்போடு பதிந்ததை அது இல்லாமல் ஓட்டினால் சீறும். மாறாக ஓட்டினால் கம்பளி போர்த்திய மாதிரி மங்கும். இவ்வளவையும் தாண்டி உள்ளே இருக்கிற வாசிப்பு நன்றாக இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பேண்ட் மீது பிரியம் இல்லாதவர் முதல் நிமிடத்திலேயே நிறுத்திவிடுவார்.

பேர்ல் ஜாம் பேண்ட் 2000ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின் பதிவுகளை 72 குறுந்தட்டுத் தொகுப்புகளாகத் தானே வெளியிட்டது. ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருகிற இத்தனை தட்டுகளை வாங்கியவர்கள் "பெயரைக் கேட்டவர்கள்" என்றால், அந்தப் பாட்டின் இரண்டு இரவு வாசிப்புக்கு நடுவே வித்தியாசம் சொல்ல அவர்களால் எப்படி முடிகிறது?

சுதிப்பெட்டி:

நாடாச்சுருள், கார்னெல் உதாரணம் கனமானது. இருந்தாலும் கவனியுங்கள், அங்கே ஒப்பீடு அதே பேண்டின் இரவுகளுக்குள்ளேயே நடக்கிறது. வேலிக்குள் காது கூர்மை. வேலிக்கு வெளியே இருக்கும் இன்னொரு பேண்டை அதே பொறுமையோடு கேட்பாரா? நாலாம் தலைமுறை நாடாவை முழுக்கக் கேட்கிற அதே ஆள், பிடிக்காத பேண்டின் நல்ல ஒலிப்பதிவை ஒரு நிமிடத்தில் நிறுத்துவார்.

மூன்றாம்தந்தி:

நிறுத்துவார்தான். ஒரு ஆயுளில் ஒருவரால் ஆழமாகக் கேட்க முடிவது எத்தனை பேண்ட்? நாலைந்து தேறும். எல்லாவற்றையும் சமமாகக் கேட்பவர் எதையும் ஆழத்தில் தொடுவதில்லை என்று நம்புகிறேன். இதில் நாம் சேரப்போவதில்லை.

பேண்ட் ஆள் மாறினாலும் கூடவே போவதையும் குருட்டுத்தனம் என்பீர்கள். ஏசி/டிசியின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். அதே ஜூலையில் பிரையன் ஜான்சன் குரலில் பேக் இன் பிளாக் வந்தது. அந்த அஞ்சு மாதத்தில் ரசிகர்கள் விட்டுப் போயிருந்தால் அந்த ஆல்பத்தைக் கேட்க யார் இருந்திருப்பார்கள்? கூட நின்றவர்களுக்கு இரண்டு குரல் கிடைத்தது.

இடதுகைத்தாளம்:

இன்னொரு மெட்டாலிகா உதாரணமும் இருக்கே. 1986ல கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு ஜேசன் நியூஸ்டெட் வந்து வாசிச்ச 1988 ஆல்பம், ...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல். பேஸ் இருக்கு, ஆனா காதுக்கு வராது. பேஸ் ரிதம் கிட்டாரையே ஒட்டி வாசிக்குது. கிட்டார்ல நடு அதிர்வை வெட்டி அடி அதிர்வைத் தூக்கி வச்சிருக்காங்க. பேஸ் இருக்கவேண்டிய இடத்துல கிட்டாரே உக்காந்திருக்கு. அதுக்கு மேல கலவையில பேஸைக் குறைச்சாச்சு. ரசிகருங்க அந்த ஆல்பத்தை நேசிக்கிறாங்க, முப்பது வருஷமா அதே குறையையும் விடாம சொல்றாங்க, பேஸைத் தூக்கி தாங்களே கலவை பண்ணியும் போட்டிருக்காங்க. சுதிப்பெட்டி ஐயா, நேசிக்கிறவன் குறை பாக்க மாட்டான்னு சொல்றது இங்க நிக்கலியே.

மெல்லக்கேள்:

சண்டை நல்லா இருக்கு. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். பிடித்த பேண்டின் புது ஆல்பம் கையில் இருக்கிறது. எப்படிக் கேட்டால் நியாயமாக இருக்கும்?

மூன்றாம்தந்தி:

முதல் தடவை வரிசை மாற்றாமல், நிறுத்தாமல், ஒரே மூச்சில் கேளுங்கள். கருத்து எழுதாதீர்கள். இரண்டாவது தடவை மறுநாள். மூன்றாவது, இரண்டு மூன்று நாள் விட்டு. ஒரே நாளில் ஐந்து தடவை ஓட்டினால் பழக்கம் ஏறி, உடனே சலிப்பும் ஏறும். விருப்பம் முதலில் ஏறி ஒரு கட்டத்துக்கு மேல் இறங்குகிற வளைவுதான். எளிய மெட்டு சீக்கிரம் உச்சம் தொட்டு சீக்கிரம் இறங்கும், சிக்கலான மெட்டு தாமதமாக ஏறும். அதனால் முதல் நாள் பிடித்த பாட்டு மூன்றாம் வாரம் நிற்காமல் போகலாம், முதல் நாள் தள்ளிவிட்டது நிற்கலாம். ஒரு பாட்டு உயிரைத் தொட்டுவிட்டால் அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். முன்னும் பின்னும் இருக்கிற பாட்டோடு சேர்த்தே கேளுங்கள்.

கலவைமேசை:

சத்தத்தின் அளவை மூன்று தடவையும் ஒரே இடத்தில் வையுங்கள், இது முக்கியம். 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து காட்டியதுதான்: சத்தம் குறைந்தால் காதுக்கு அடி அதிர்வு முதலில் மங்கும். முதல் நாள் உரக்கவும் மறுநாள் ராத்திரி மெல்லவும் கேட்டுவிட்டு "இரண்டாம் தடவை சப்பென்று இருக்கிறது" என்றால் குறை பேஸில் இல்லை. செயலியில் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி ஒரு தடவை இருந்து இன்னொரு தடவை இல்லாமல் இருந்தாலும் இதே கதி. பழைய ஆல்பத்தோடு ஒப்பிடும்போது பழையதன் எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். மறுமாஸ்டர் செய்தது அசலைவிடப் பல டெசிபெல் உரத்து இருக்கலாம்.

அப்புறம் காது. 85 டெசிபெலில் நாளைக்கு 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். ராக் நிகழ்ச்சிகள் அதைச் சாதாரணமாகத் தொடும். பஞ்சு அடைப்பான் மேல் அதிர்வுகளை அதிகமாக வெட்டும், பாட்டு கம்பளிக்குள் போய்விடும். எல்லா அதிர்வையும் ஏறக்குறைய சமமாக 15, 20 டெசிபெல் குறைக்கிற வடிகட்டி வைத்த அடைப்பான் வாங்குங்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே போடுங்கள், வலிக்க ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. காதில் ரீங்காரத்தோடு மறுநாள் புது ஆல்பத்தை எடைபோடவும் கூடாது.

நிற்கிற இடமும் கணக்கு. கலவை மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள், ஒலியாளர் கேட்டுக் கலப்பது அந்த இடத்தில்தான். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி பத்தில் ஒரு வினாடி தாமதமாக வரும். கண்ணுக்கு அடி விழுந்துவிடும், காதுக்குப் பிறகு வரும். "டிரம்மர் பின்தங்குகிறார்" என்று எழுதும் முன் இதை யோசியுங்கள்.

சுதிப்பெட்டி:

நான் இதோடு ஏபிஎக்ஸ் சோதனையையும் (ஏ, பி இரண்டையும் கேட்டுவிட்டு, பெயர் மறைத்த எக்ஸ் அவற்றில் எது என்று சொல்வது) சேர்ப்பேன். இரண்டு பதிப்பு ஒன்றுக்கொன்று வேறு என்று அடித்துச் சொல்பவர் 16 சுற்றில் 12 சரியாகச் சொல்லட்டும். குருட்டாம்போக்கில் அவ்வளவு வருவதற்கு 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே இருக்கிறது.

கலவைமேசை:

பதிப்பு வித்தியாசத்துக்குச் சரி. சிலிர்ப்புக்கு உதவாது. ஏபிஎக்ஸ் "வேறா, ஒன்றா" என்று மட்டும் சொல்லும், "எது நன்று" என்று சொல்லாது. அதுவும் 10 வினாடித் துண்டில் எதிர்பார்ப்பு கட்டவே நேரமில்லை. மூன்று நிமிடம் ஏறி வரவேண்டிய இடத்தை வெட்டி எடுத்து 16 தடவை போட்டால் யாருக்கும் ஒன்றும் வராது.

சுதிப்பெட்டி:

ஏற்கிறேன். அப்படியானால் சோதனையை மாற்றுகிறேன். மூன்றாம்தந்தி சொன்ன ஸ்லோபோடா வழியிலேயே போவோம். அந்த பேண்டின் பழைய ரசிகர்கள் ஒரு குழு. அதே பாணி இசை பழகி, இந்த பேண்டைக் கேட்டிராதவர்கள் ஒரு குழு. இரண்டு குழுவும் புது ஆல்பத்தை முழுதாக, மூன்று வேறு நாட்களில் கேட்கட்டும். மனம் அசைந்த இடத்தின் நிமிடம், வினாடியை மட்டும் குறிக்கட்டும். மதிப்பெண் வேண்டாம், பாராட்டு வேண்டாம். இரண்டு குழுவும் ஒரே இடத்தைக் குறித்தால் அது இசையின் பலம் என்று நான் எழுதித் தருகிறேன். ரசிகர்கள் மட்டும் குறித்த இடம் பழக்கத்தின் கணக்கில் போகட்டும்.

மூன்றாம்தந்தி:

ரசிகர்கள் மட்டும் குறித்த இடத்தைப் பழக்கம் என்று ஒதுக்கவிட மாட்டேன். அந்த இடங்களில் பாதியாவது, பேண்ட் தன் பழைய வழக்கத்தை உடைத்த இடமாக இருக்கும். அதைக் கேட்கப் பழக்கம் வேண்டும், ஆனால் அங்கே நடந்தது இசை. எனவே ரசிகர் மட்டும் குறித்த ஒவ்வொரு இடத்திலும் என்ன நடக்கிறது என்று எழுத வேண்டும்: எந்த வாத்தியம் நின்றது, எந்த இசைவு மாறியது, பழைய ஆல்பங்களில் அதே இடத்தில் என்ன வந்திருக்கும். எழுத முடியாதவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

சுதிப்பெட்டி:

சரி. எழுத முடியாதவை எனக்கு.

கலவைமேசை:

குறிக்கும்போது ஒன்று. சிலிர்ப்பு தெரிந்து, கை நகர்ந்து, எண்ணைப் பார்த்து எழுதுவதற்குள் இரண்டு மூன்று வினாடி போயிருக்கும். அதனால் குறித்த இடத்துக்கு முன்னால் 5 வினாடி, பின்னால் 1 வினாடி என்று சாளரம் வைத்துப் பொருத்திப் பாருங்கள். மூன்று நாளில் இரண்டு நாளாவது அதே சாளரத்தில் விழுந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். எல்லாரும் ஒரே பதிப்பு, ஒரே கோப்பு. பதிப்பு மாறினால் தொடக்க மௌனம் ஒன்றிரண்டு வினாடி வித்தியாசப்படும், மொத்தக் குறிப்பும் நகர்ந்துவிடும்.

மெல்லக்கேள்:

தாள் எடுத்துவிட்டேன். முதல் தடவை குறிக்கலாமா, இரண்டாவதிலிருந்தா?

மூன்றாம்தந்தி:

முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். வெறுமனே கேளுங்கள்.